அயல்மண்ணும் மட்டையும்

1927ஆம் ஆண்டில், டெஸ்ட் ஆட்டக்காரர் சிலரைக் கொண்ட ஆஸ்திரேலிய அணியைக் கோலாலம்பூரில் மலாயா அணி 39 ஓட்ட வேறுபாட்டில் வென்றது. இதனை நம்மவர் திறமை என மட்டும் கொண்டாடுதல் பொருந்தாது. மண்ணுக்கும் அதிற் பங்குண்டு என்பதே என் கருத்து. காய்ந்து இறுகிய களத்திற் பந்து விரைந்தெழும். மழை ஊறிய களத்தில் தயங்கி வரும். முன்னதிற் பழகிய கை, பின்னதில் பந்து வருமுன்னரே மட்டையை வீசிவிடும்; பந்து மேலெழுந்து எதிரணியின் கையிற் சேரும். கண் அறிந்ததைக் கால் அறியப் பல நாள் வேண்டும். சுற்றுப்பயண அணிக்கு அந்நாட்கள் வாய்ப்பது அரிது.

மறுபுறத்தைக் காட்டியவரும் நம்மூரார்தாம். 1909இல் கோலாலம்பூரிற் பிறந்த லால் சிங், 1932இல் லார்ட்ஸ் திடலில் இந்தியாவின் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் ஆடினார். பாய் விரித்த களங்களிற் பழகிய பலரைக் கொண்ட அவ்வணி, ஆங்கிலப் புல்தரையில் வளைந்து வந்த பந்துகளுக்கு 189, 187 ஓட்டங்களிற் சுருண்டு, 158 ஓட்ட வேறுபாட்டில் தோற்றது. ஆயினும் இரண்டாம் இன்னிங்சில் லால் சிங்கும் அமர் சிங்கும் நாற்பதே நிமிடங்களில் 74 ஓட்டங்கள் சேர்த்தனர். அந்த இன்னிங்சில் லால் சிங் எடுத்தவை 29. முதல் நாளில் வூல்லியை ஓடும்போது வீழ்த்தியவரும் அவரே. களத்தடுப்புக்கு அயல்மண் தடையன்று போலும்!

பிற்காலத்தில் அவர் கோலாலம்பூர் திரும்பி, ஆடுகளம் பேணும் பணியில் இருந்தார்.