செக்ரோலும் ஞானஸ்நான ஏடும்: உடப்புசல்லாவையில் ஒரு தந்தையை நினைவுகூரும் மரபு

நுவரெலியாவுக்குக் கிழக்கே, இராகலையைக் கடந்து வலப்பனைப் பக்கமாகச் சரியும் மலைகளில் அமைந்த உடப்புசல்லாவை, இலங்கைத் தேயிலை வணிகம் தனித்தனியே பெயரிட்டு வழங்கும் ஏழு பிரதேசங்களுள் ஒன்றாகும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் உலர்காற்றில் இங்குப் பறிக்கப்படும் கொழுந்தின் தரம் கூடும் என்பதை வணிகர்கள் நன்கு அறிவர். நானுஓயாவிலிருந்து 1903இல் நுவரெலியா வரையும் 1904இல் இராகலை வரையும் போடப்பட்ட ரயில் பாதை, இவ்வூரை ஒருபோதும் எட்டாமலே உடப்புசல்லாவைப் பாதை என்று பெயர் பெற்றதும், அதன் அகலம் 2 அடி 6 அங்குலம் என்பதும், 1940களில் அது படிப்படியாகக் கைவிடப்பட்டதும் துல்லியமாகப் பதிவாகியுள்ளன. ஆனால் அந்தப் பாதைக்குத் தேயிலைப் பெட்டிகளைச் சுமந்து சென்ற மனிதர்கள் யாருக்குக் கணவராகவும் யாருக்குத் தந்தையாகவும் வாழ்ந்தனர் என்பதைத் தேட முற்படுபவர், ரயில்வே, கம்பெனி ஏடுகளை விட்டுவிட்டு வேறு வகையான ஏடுகளைப் புரட்ட வேண்டியவராகிறார்.

தோட்டத்தின் முதன்மையான ஏடு செக்ரோல் ஆகும். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில், அதாவது வேலையாட்களை அணிவகுத்து நிறுத்தி அன்றைய வேலையைப் பகிர்ந்தளிக்கும் வெளியில், கணக்கப்பிள்ளை குறித்துக்கொள்ளும் ‘பேர்’களின் தொகுப்பே அது. ஒரு நாள் உழைப்பைப் ‘பேர்’ என்று வழங்குவது மலையகத்தின் நடைமுறை. அரைநாள் வேலைக்கு ‘அரைப் பேர்’ விழும். கவ்வாத்து வெட்டியவர், கான் வெட்டியவர், முள்ளுக் குத்தியவர் என்றவாறு உழைப்பின் வகை இந்த ஏட்டில் தெரியுமே தவிர, உழைத்தவரின் வீடு தெரியாது. இதற்கு இணையாக இயங்கிய மற்றொரு தாள் துண்டு எனப்பட்டது. ஒரு தொழிலாளியோ அவரைச் சேர்ந்த கூட்டமோ, ஆட்களைத் திரட்டி மேற்பார்த்த கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்து, அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கு அவர்களை விட்டுக்கொடுக்க உடன்படும் சீட்டு அது. 1921இல் அது ஒழிக்கப்படும் வரை, இம்மலைகளில் ஒரு மனிதர் எழுத்தில் இடம்பெற்றது பெரும்பாலும் கையாகவோ கடனாளியாகவோதான்.

இந்நிலையில் வேறு வகையான எழுத்தைக் கொண்டுவந்தவை திருச்சபைகள். கோப்பிக் காலத்திலேயே, 1854இல், கிறிஸ்தவப் பற்றுள்ள தோட்டத் துரைமார் சிலரும் ஆங்கிலேயத் திருச்சபையின் சி.எம்.எஸ். சங்கமும் சேர்ந்து தோட்டத் தமிழருக்கென ஒரு மிஷனைத் தொடங்கினர். திருநெல்வேலியில் பணியாற்றித் தமிழ் கற்றிருந்த செப்டிமஸ் ஹாப்ஸ் அதன் முதற் பொறுப்பாளரானார். தோட்டம் தோட்டமாக நடந்து திரிந்தவர்களோ திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள், அதாவது குருப்பட்டம் பெறாமலே வேதம் போதித்து, செபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த தமிழ்ப் பணியாளர்கள். அவர்களது சம்பளத்தில் பெரும்பங்கு துரைமாரின் நன்கொடையிலிருந்து வந்தமையால், கூலியாளின் நலனும் தோட்டத்தின் ஒழுங்கும் ஒரே மூச்சில் பேசப்பட்டன என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1883இல் தனி மறைவட்டாரமாகவும் 1886இல் மறைமாவட்டமாகவும் உருவான கண்டியின் கத்தோலிக்கத் திருச்சபை, சில்வெஸ்திரின் பெனடிக்டின் சபைக் குருக்களின் பொறுப்பில் இதே மலைகளுக்குத் தன் குருக்களை அனுப்பியது. கடல் கடந்து வந்த குடும்பங்களுள் சில, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலேயே ஞானஸ்நானம் பெற்றிருந்தவை. ஆகவே இங்கு வேதம் முழுமையாகப் புதிதாக விதைக்கப்பட்டதன்று. பெட்டியோடும் பாத்திரத்தோடும் கூடவே கொண்டுவரப்பட்டதும் உண்டு. சாதியும் அவ்வாறே கூட வந்தது, கோவிலுக்குள்ளும் அது முற்றாக அழியவில்லை.

இக்கோவில்கள் வைத்திருந்த ஞானஸ்நான ஏட்டிலும், திருமண ஏட்டிலும், அடக்க ஏட்டிலும் ஒரு தொழிலாளி முதன்முறையாக ‘இன்னாரின் மகன்’, ‘இன்னாரின் கணவன்’, ‘இக்குழந்தையின் தகப்பன்’ என எழுதப்பட்டார். பிள்ளையின் பெயரோடு தாய், தந்தை, ஞானப் பெற்றோர் ஆகியோரின் பெயர்களும் நாளும் தோட்டமும் சேர்த்துக் குறிக்கப்பட்ட அந்த வரி, செக்ரோல் ஒருபோதும் கொடுத்திராத ஒரு நிலையை அவருக்குக் கொடுத்தது. மலையகத்துக் கிறிஸ்தவத் தந்தையின் வரலாறு இந்த வரியிலிருந்தே தொடங்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அத்தந்தை வாழ்ந்த வீடு, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் ஒரு காம்பரா, ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவுள்ள ஓர் அறை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் வழியே மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைக்கு 32 சதமும் நாட்சம்பளமாக வகுக்கப்பட்டன. பிள்ளைக்கும் ஒரு விகிதம் தேவைப்பட்டது என்பதே, குடும்பம் முழுவதும் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையைக் காட்டப் போதும். இத்தகைய வாழ்வில் ‘குடும்பத்துக்காக வாழ்ந்தவர்’ என்ற பெயரை ஒருவர் பெற்றாரெனில், சம்பள நாளில் சாராயக் கடையைத் தாண்டி வீட்டுக்கு வந்தார், மாலையில் அந்த ஒற்றையறையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் செபமாலை சொன்னார் அல்லது வேதம் வாசிக்கச் செய்தார், கொழுந்துக் கூடைக்குப் பதிலாக அவர்களின் கையில் சிலேட்டைக் கொடுக்க இயன்றவரை போராடினார் என்பனவே அதன் பொருள். இவை சிறு செயல்களாகத் தோன்றலாம்; அந்த வருமானத்தில் அவை பெருஞ்செயல்கள். எனினும் மலையில் கொழுந்து பறித்துத் திரும்பி, அதே அறையில் சமைத்துப் பிள்ளை வளர்த்தவள் மனைவி. பல தோட்டங்களில் அவளது சம்பளத்தையும் கணவனே வாங்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. தந்தையைப் போற்றும் நினைவுரைகள் இதனைச் சொல்லாது விடும்போது பாதி உண்மையையே சொல்கின்றன.

கத்தோலிக்கக் குடும்பங்களில் இத்தந்தைமைக்கு முன்மாதிரியாக விளங்கியவர் புனித சூசையப்பர். நற்செய்தி ஏடுகளில் ஒரு சொல்லேனும் பேசாத அந்தத் தச்சர், 1870இல் 9ஆம் பத்திநாதரால் அனைத்துலகத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். 1955இல் 12ஆம் பத்திநாதர் மே 1ஆம் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தினார். தொழிற்சங்கக் கொடிகள் ஊர்வலம் போகும் நாளே தொழிலாளியான ஒரு தந்தையின் திருநாளாகவும் அமைந்தமை தோட்டத்து மக்களுக்கு மிகவும் பொருந்திய ஏற்பாடாகும். இயேசுவும் மரியாளும் அருகிருக்க இறந்தவர் என்ற மரபுவழி நம்பிக்கையால் அவர் நல்மரணத்தின் பாதுகாவலராகவும் கருதப்படுகிறார். மனைவி மக்கள் சூழ லயத்திலேயே உயிர்விடும் மனிதருக்காக ஓதப்படும் செபங்களில் அவரது பெயர் இடம்பெறுவது இதனாலேயே.

ஆனால் மனைவி மக்கள் சூழ இறக்கும் வாய்ப்பையே பலரிடமிருந்து பறித்தது குடியுரிமைச் சிக்கல். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், மணமானவர் 1946 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இந்நாட்டில் வசித்ததை நிறுவுமாறு கேட்டது. மணமும் பிள்ளைப் பேறும் இவ்வாறு சட்டப் பிரச்சினைகளாக மாறியபோது, பிறப்புச் சான்றிதழ் இல்லாத வீடுகளுக்குக் கோவிலின் ஏடு கைகொடுக்கக்கூடிய சில ஆவணங்களுள் ஒன்றாயிற்று. ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயினும், ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. 1964 அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மீதியிருந்த 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். புறப்பட்டவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. அண்ணன் ஒரு நாட்டிலும் தம்பி ஒரு நாட்டிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. தந்தையின் கல்லறை தோட்டத்துச் சரிவில் இருக்க, பிள்ளைகள் நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலைத் தோட்டங்களிலேயே வேலைக்குச் சேர்ந்தனர்.

இப்பின்னணியில்தான் நினைவுகூரும் மரபின் எடை விளங்கும். கத்தோலிக்கர் இறந்தவருக்காக 7ஆம் நாளும் 30 அல்லது 31ஆம் நாளும், பின்னர் ஆண்டுதோறும் திருப்பலி ஒப்புக்கொடுப்பர். நவம்பர் 2ஆம் நாளான கல்லறைத் திருநாளில், மலையின் கிழக்குப் பக்கத்துக்கு மழைக்காலமாகிய அப்பொழுதில், புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு பூசி மெழுகுதிரி ஏற்றுவர். குரு வந்து கல்லறைகளை மந்திரிப்பார். இறந்தோருக்காக மன்றாடுவதைச் சீர்திருத்தத் திருச்சபைகள் பொதுவாக ஏற்பதில்லை. ஆதலால் அவற்றைச் சேர்ந்த குடும்பங்கள், அவரது வாழ்வுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் நினைவு ஆராதனையை நடத்துகின்றன. வேதாகமத்தின் முன்தாளில் பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றை எழுதிவைக்கும் பழக்கமும் இவ்வீடுகளில் உண்டு. இந்து உறவினரும் அயலாரும் இரு தரப்பாரின் கேத வீட்டிலும் குறைவின்றிப் பங்கேற்கின்றனர்.

பிரிந்தவர்களை ஒன்றுசேர்த்த எழுத்து மரண அறிவித்தலே. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை அதனை வாசித்தது. 1930 முதல் வெளிவரும் ‘வீரகேசரி’ போன்ற நாளிதழ்கள் அதனை அச்சிட்டன. இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன தோட்டத்தை வதிவிடமாகவும் கொண்டவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் எனத் தொடங்கி, இன்னாரின் மகன், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, மாமனார், பாட்டனார் என ஒவ்வோர் உறவையும் பெயர் சொல்லி அடுக்கும் அவ்வடிவத்தில், அவர் எத்தனை ‘பேர்’ போட்டார், எவ்வளவு கடன்பட்டார் என்பவற்றுக்கு இடமில்லை. ஞானஸ்நான ஏட்டில் ஒரு வரியாகத் தொடங்கிய உறவுமுறை, அறிவித்தலில் ஒரு முழுப் பத்தியாக விரிகிறது. கடலுக்கு அப்பால் இருப்பவரின் பெயரும் அவரது ஊரும் அதில் தவறாமல் இடம்பெறும்.

மலையக வரலாற்றை எழுதுவோர் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் போதிய அளவு கவனித்துள்ளனர். இந்த ஏடுகளையும் அறிவித்தல்களையும் அந்த அளவு கவனிக்கவில்லை. உடப்புசல்லாவை போன்ற ஈரம் மிகுந்த ஊர்களில் தாள் நெடுநாள் தாங்காது. பங்குப் பணிமனைகளில் உள்ள பழைய ஏடுகளைப் படியெடுப்பதும், குடும்பங்கள் மடித்து வைத்திருக்கும் அறிவித்தல்களைத் தேடித் தொகுப்பதும், அடக்க ஏட்டின் பெயர்களை அத்தோட்டத்தின் செக்ரோலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும், தாய்மாரின் பெயர்களைத் தந்தையரின் பெயர்களுக்கு இணையாகவே குறித்துக்கொள்வதும் உடனடியாகத் தொடங்கப்பட வேண்டிய பணிகளாகும்.