சி டிரைவ் இருக்கிறது, ஏ-யும் பி-யும் எங்கே?

கணினியைத் திறந்தால் சி டிரைவ், டி டிரைவ் என்று வரிசையாக நிற்கின்றன. ஏ, பி எங்கே போயின? பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? நான் வணிகவியல் படித்த வங்கிக்காரன், பொறியாளன் இல்லை. ஆனாலும் பேரேட்டைப் போல இந்தச் சொற்களுக்கும் ஓர் ஆரம்ப இருப்பு உண்டு. கொஞ்சம் பின்னால் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மெமரி வேறு, ஸ்டோரேஜ் வேறு. ராம் என்பது கேஷியரின் மேஜை. ஹார்டு டிஸ்க் என்பது ஸ்ட்ராங் ரூம். வேலை நடக்கும்போது தேவையானதை மேஜைக்கு எடுத்து வருகிறோம். கரண்ட் போனால் மேஜை காலி, பெட்டகத்தில் வைத்தது பத்திரம். கடைக்காரர் "128 ஜிபி மெமரி போன்" என்று சொல்வது உண்மையில் பெட்டகத்தின் அளவைத்தான்.

இந்தப் பெட்டகத்தின் கதை 1956-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற இயந்திரத்தை அறிவித்தது. அதன் டிஸ்க் பகுதியில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதை நிரப்பிவிடும்! ஆனால் அதன் பெருமை கொள்ளளவில் இல்லை. அதற்கு முன் காந்த நாடாவில் ஒரு கணக்கைத் தேட வேண்டுமானால் சுற்றிக்கொண்டே போக வேண்டும். இதிலோ வேண்டிய இடத்துக்கே கை நேராகப் போய் எடுத்துவரும். ராமாக் என்ற பெயரின் விரிவிலேயே 'அக்கவுண்டிங்' என்ற சொல் இருக்கிறது. ஆக, ஹார்டு டிஸ்க் பிறந்ததே நம்மைப் போன்ற கணக்குப் பிள்ளைகளுக்காகத்தான் :-)

1971-ல் அதே ஐபிஎம் 8 அங்குல பிளாப்பியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வளைந்து கொடுப்பதால் பிளாப்பி, தமிழில் நெகிழ்வட்டு. அது வந்த பிறகுதான், வளையாத பழைய தட்டைப் பிரித்துச் சொல்ல 'ஹார்டு' என்ற அடைமொழி தேவைப்பட்டது. நம் வன்தட்டும் அப்படி வந்த பெயர்தான்.

இப்போது ஏ, பி விஷயத்துக்கு வருவோம். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் ஹார்டு டிஸ்க் கிடையாது. பிளாப்பி டிரைவ்கள்தான். முதலாவது ஏ, இரண்டாவது பி. 1983-ல் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்டு டிஸ்க்குடன் வந்தபோது அடுத்த எழுத்தான சி அதற்குக் கிடைத்தது. பிறகு பிளாப்பியின் காலம் முடிந்தது. 1998-ல் ஆப்பிள் ஐமேக் பிளாப்பி டிரைவ் இல்லாமலே வந்தது. 2011-ல் சோனி ஜப்பானில் பிளாப்பி விற்பனையை நிறுத்தியது. சீனியர்கள் இருவரும் ரிட்டயர் ஆகியும் சி-க்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை!

இன்னொரு புகாரும் அடிக்கடி காதில் விழும். "500 ஜிபி என்று வாங்கினேன், விண்டோஸ் 465 என்கிறது." யாரும் கையாடல் செய்யவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. தொகை ஒன்று, அளவுகோல் இரண்டு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1998-ல் 'கிபி', 'மெபி', 'கிபி பைட்' போன்ற தனிப் பெயர்களை வகுத்தார்கள். புழக்கத்தில் அவ்வளவாக ஏறவில்லை.

1980-களில் தோஷிபாவின் புஜியோ மசுவோகா பிளாஷ் மெமரியைக் கண்டுபிடித்தார். பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி எல்லாம் அதன் வாரிசுகள். எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டு இல்லை, ஓட்டும் மோட்டார் இல்லை. ஆனாலும் 'டிரைவ்' என்ற பெயர் போகவில்லை. சேவ் பட்டனில் இன்னும் பிளாப்பியின் படம்தான்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. ஊரை விட்டு வந்த நம் வீட்டு பீரோக்களில் கல்யாண விசிடி, காதுகுத்து சிடி, தாத்தாவின் குரல் பதிந்த ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். தட்டு நன்றாக இருந்தாலும் படிக்கும் கருவி வேண்டுமே? இன்று பெரும்பாலான லேப்டாப்களில் சிடி டிரைவே வருவதில்லை. வீட்டில் எழுதும் சிடியில் தகவல் தங்குவது ஒரு சாயப் படலத்தில். அது காலப்போக்கில் மங்கும். எஸ்எஸ்டியும் பென் டிரைவும்கூட பல வருடம் மின்சாரமே காணாமல் கிடந்தால் நம்பிக்கைக்குரியவை அல்ல.

வங்கியில் பேக்கப்புக்கு ஒரு பழைய விதி உண்டு: ஒரு பிரதி இங்கே, இன்னொன்று வேறு கட்டடத்தில். வீட்டுக்கும் அதுவே பொருந்தும். இந்த ஞாயிற்றுக்கிழமை, டிரைவ் வைத்திருக்கும் நண்பர் யாரென்று விசாரித்து, அந்த சிடிகளை ஒரு ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். அதில் ஒரு பிரதியை ஊரில் அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். பணம் போனால் சம்பாதிக்கலாம். தாத்தாவின் குரலை எந்தக் கிளையில் போய்க் கேட்பது?