காப்புரிமைக்குக் காத்திருந்த பிக்கப்

காமர்ஸ்காரனுக்குக் கிட்டாரில் என்ன வேலைன்னு கேக்காதீங்க மக்கா, இதுலயும் கணக்கு இருக்கு :-)

ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இரைச்சலை ஒழிக்க, கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தார். 1955ல் காப்புரிமைக்கு விண்ணப்பம், கிடைத்தது 1959ல். இடையில், 1957லேயே லெஸ் பால் கிட்டார்களில் ஏறிவிட்டது. அடியில் ஒட்டிய 'பேட்டண்ட் அப்ளைடு ஃபார்' ஸ்டிக்கரால் 'பி.ஏ.எஃப்.' என்று பெயர்.

கம்பிச் சுற்றின் எண்ணிக்கை பிக்கப்புக்குப் பிக்கப் மாறியது, காந்தமும் ஒன்றல்ல. தரக்கட்டுப்பாட்டுப் பாடத்தில் இது குறை. ப்ளூஸ் ரசிகனுக்கோ இதுதான் உயிர்!

பெரிய ஓம் கணக்கைப் பார்த்து வாங்கி நான் ஏமாந்தேன். சுற்று கூடினால் சத்தம் கூடும், தெளிவு குறையும். பழைய ஓசை வேண்டுமா? 7 முதல் 8.5 கிலோ ஓம், அல்நிக்கோ காந்தம் போதும். மிச்சம் உங்க விரல்ல!