முகமூடிக்குள் ஒரு பத்தி எழுத்தாளர்

டப்ளின் நகரத்து அரசு அலுவலகத்தில் பகலெல்லாம் கோப்புகளோடு மல்லுக்கட்டிய ஒருவர், அதே நகரத்தை 'ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழில் எள்ளி நகையாடிக்கொண்டிருந்தார். பத்தியின் தலைப்பு 'க்ரூஷ்கீன் லான்'. நிறைந்த சிறு குடுவை என்று பொருள். எழுதுபவர் மைல்ஸ் நா கொப்பலீன் என்று அச்சிடப்பட்டிருக்கும். அப்பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதை, நாடகப் பாத்திரம் ஒன்றினுடையது. நாவல் வாசகர்கள் அவரை ஃபிளான் ஓ பிரையன் என அறிவர், அதுவும் புனைபெயரே. பெற்றோர் இட்ட பெயர் பிரையன் ஓ நோலன்.

1911-இல் ஸ்ட்ரபேன் என்னும் சிற்றூரில், ஐரிஷ் மொழி பேசும் வீட்டில், பன்னிரு பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். 1935-இல் அரசுப் பணியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் தந்தை மறைய, உடன்பிறந்தோரைக் காக்கும் பாரம் அவர் தலையில் விழுந்தது. அரசு ஊழியர் அரசியல் பேசலாகாது. சம்பளத்தையும் விட முடியாது. எனவே முகமூடி அவருக்கு விளையாட்டு மட்டுமன்று, பிழைப்பின் நிபந்தனையும்கூட.

1939-இல் வெளிவந்த 'அட் ஸ்விம் டூ பேர்ட்ஸ்' நாவலை ஜேம்ஸ் ஜாய்ஸே பாராட்டியும் சில நூறு பிரதிகள்கூட விற்கவில்லை. மறு ஆண்டு ஜெர்மானியர் குண்டுவீச்சில் பதிப்பாளரின் லண்டன் கிடங்கு அழிய, மிச்சமும் சாம்பலாயிற்று. அடுத்த நாவலான 'தி தேர்ட் போலீஸ்மேன்' ஏற்கப்படாமல் திரும்பி வந்தது. கையெழுத்துப்படி தொலைந்துவிட்டதென்று நண்பர்களிடம் சொல்லிவைத்தார். அது வீட்டிலேயேதான் இருந்தது!

அக்காலத்தில்தான் நண்பர்களோடு சேர்ந்து, கற்பனைப் பெயர்களில் 'ஐரிஷ் டைம்ஸ்' ஆசிரியருக்குக் கடிதங்கள் எழுதிப் பெரிய சண்டைகளை மூட்டிவிட்டார். ஆசிரியர் ஸ்மைலி சினம் கொள்ளவில்லை. அழைத்துப் பத்தி எழுதச் சொன்னார். 1940 அக்டோபரில் தொடங்கிய பத்தி முதலில் ஐரிஷ் மொழியிலும், பின்னர் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் வந்தது. தாய்மொழியை நேசித்தவர்தாம்; ஆயினும் வறுமையைத் தூய்மையென்று போற்றிய மொழிப்பற்றாளர்களை 1941-இல் 'ஆன் பேல் பொக்ட்' என்னும் ஐரிஷ் நாவலில் வாட்டியெடுத்தார். தலைப்புக்கு நேர்ப்பொருள் 'ஏழை வாய்'. 'பஞ்சப்பாட்டு' என்று நாம் தமிழாக்கலாம்.

அவருடைய பகடியில் நம்மை மிகவும் கவர்வது நூல் கையாளும் சேவை. படிக்காமலே நூலகம் வைத்திருக்கும் செல்வர்க்காக ஆட்கள் வந்து பக்கங்களை மடித்து, அடிக்கோடிட்டு, டிராம் வண்டிச் சீட்டுகளை இடையிடையே செருகிவைப்பார்கள். கட்டணம் கூடினால் ஓரக்குறிப்புகளும் உண்டு. இன்னும் கூடினால், நூலாசிரியரே நன்றியோடு கையொப்பமிட்டதுபோல் போலி வாசகமும் உண்டு. நம் நண்பர் சிலரின் அலமாரிகள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.

தேய்ந்த சொற்றொடர்களை வினா-விடையாக்கிக் கேலி செய்த பகுதியும் உண்டு. விடைத்தாள் திருத்துகையில் 'இன்றைய அவசர உலகில்' என்று தொடங்கும் கட்டுரைகளை அடுக்கடுக்காகக் காணும் நமக்கு அதன் அருமை தெரியும். அவருடைய சீற்றம் மொழியின் மீதானதன்று. சிந்திக்காமல் மொழியைச் செலவிடும் மனிதர் மீதானது.

நகரமேயர் ஒருவரின் நிலக்கரிக் கடைக் கடிகாரம் ஓடாமல் நின்றதைக்கூட அவர் விடவில்லை. நாள்தோறும் பத்தியில் குத்திக்காட்டினார். அலுவலகத்தில் எல்லாருக்கும் மைல்ஸ் யாரென்று தெரியும், தெரியாததுபோல் இருந்தார்கள். அரசியலாளரைச் சீண்டிய எழுத்தும் குடியும் சேர்ந்து அந்தப் பொறுமையைத் தீர்த்தன. 1953-இல், உடல்நலக் குறைவு என்ற காரணத்தின்பேரில், சொற்ப ஓய்வூதியத்தோடு வெளியேறினார். அதன்பின் எழுத்தே வயிற்றுப்பாடு. பிற்காலப் பத்திகளில் நகைப்பு குறைந்து கசப்பு மேலிட்டதை மறைப்பதற்கில்லை.

நாளிதழ் ஒரு பெரும் நாவலாசிரியரை விழுங்கிவிட்டதென்பார் விமர்சகர் பலர். நாம் பாதிதான் உடன்படுவோம். நாவலைத் திருப்பியனுப்பியது நாளிதழன்று. ஏற்றுக்கொள்ள எவருமில்லாத ஒரு மனத்துக்குக் கால் நூற்றாண்டு இடம் தந்தது அதுதான். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிதென்பதும் மெய்யே.

1966 ஏப்ரல் 1, முட்டாள்கள் தினத்தில் அவர் காலமானார். 'தொலைந்த' நாவல் 1967-இல் அச்சேறியது. மறு ஆண்டு சகோதரர் கெவின் தேர்ந்தெடுத்த பத்திகள் 'தி பெஸ்ட் ஆஃப் மைல்ஸ்' என நூலாயின. புதிதாக வாசிக்க விழைவோர் அதிலிருந்து தொடங்கலாம். பக்கங்களைத் தாங்களே மடித்துக்கொள்ளவும்.