தில்லையடியின் நோன்பும் சவர்த் தண்ணீரும்

உணவோடு நீரையும் விலக்கி இருப்பதை இன்றைய உடல்நல எழுத்துகள் ‘உலர் நோன்பு’ என்கின்றன. அது உடலின் கழிவுகளை எரித்து நோய்களைத் தீர்க்கும் என்று ஒரு சாராரும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஆபத்தான விளையாட்டு என்று மருத்துவர்களில் பெரும்பாலோரும் வாதிட்டு வருகின்றனர். இலங்கையின் வடமேற்குக் கரையில், புத்தளம் நகரை அடுத்த தில்லையடி போன்ற ஊர்களில், அப்படியொரு பெயரிடாமலே ஆண்டுக்கு ஒரு மாதம் நீரின்றி நோன்பு பிடிக்கும் வழக்கம் தலைமுறைகளாகத் தொடர்கிறது; விவாதத்தில் தவறவிடப்படும் ஒரு செய்தி அவ்வழக்கத்தின் வரலாற்றில் இருக்கிறது.

உலர் நோன்பை ஆதரிப்போரின் வலுவான வாதம் கொழுப்பைப் பற்றியது. உடல் 100 கிராம் கொழுப்பை எரிக்கையில் ஏறத்தாழ 110 கிராம் நீர் உண்டாகும் என்பதும், பாலைவன விலங்குகள் சில இவ்வகை நீரை நம்பியே வாழ்கின்றன என்பதும் உண்மை. ஆயினும் கணக்கு நேராவதில்லை. பட்டினி இருக்கும் மனிதர் நாளொன்றுக்கு எரிக்கும் கொழுப்பிலிருந்து அதிகபட்சமாகக் கால் லிட்டர் நீர் கிடைக்கலாம். கழிவுகளை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குக் குறைந்தது அரை லிட்டர் வேண்டும், மூச்சிலும் தோலிலும் புலப்படாமல் கழிவது அதனினும் அதிகம், புத்தளத்து வெயிலில் வியர்வை தனிக்கணக்கு.

இந்த இழப்பை ஒரு பகலுக்குள் அடக்கி வைப்பதே ரமழான் நோன்பின் ஏற்பாடு. வைகறைக்கு முன் உண்ணும் ஸஹரைப் பிற்படுத்துவதும், சூரியன் மறைந்ததும் தாமதியாமல் நோன்பு திறப்பதும் விரும்பத்தக்கவை எனச் சொல்லப்பட்டுள்ளன; இரவிலும் உண்ணாமல் பருகாமல் நாட்களைத் தொடராக இணைக்கும் ‘விஸால்’ நோன்பை நபிகள் தம் தோழர்களுக்குத் தடுத்தார்கள். நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆனே சலுகை தருகிறது. புத்தளம் வட அகலக்கோடு 8 பாகையில் இருப்பதால் அங்கு நோன்பு ஆண்டு முழுதும் 13 முதல் 14 மணி நேரத்துக்குள் நிற்கும்; வட ஐரோப்பாவின் கோடைப் பகலோ 18 மணி நேரத்தையும் தாண்டும்.

இக்கரையில் முஸ்லிம்களின் தொடர்பு பழையது. 1344இல் இபுனு பதூதா வந்திறங்கி யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த ‘பத்தாலா’ புத்தளமே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பின்னாளில் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஏகபோகமாக்கிய உப்பு இவ்வூரின் பெரும் தொழிலாயிற்று. மழையற்ற, வெயில் கொளுத்தும் நாட்களே உப்பு விளையும் நாட்கள்; அவற்றில் ரமழான் வந்து சேரும்போது உப்பளத்தில் வாருபவரின் நிலை கடினமானது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ சட்டமரபு இத்தகைய உழைப்பாளியை மறக்கவில்லை: அறுவடை போன்ற கடுந்தொழில் செய்பவர் இரவிலேயே நோன்புக்கு எண்ணம் வைத்துத் தொடங்க வேண்டும், பகலில் தாங்கவொண்ணா வருத்தம் நேர்ந்தால் முறித்து, பின்னொரு நாளில் ஈடு செய்யலாம். விரதத்தைத் தாங்கும் எல்லை ஆளுக்கு ஆள் வேறு என்பதை உடலியல் நூல்களுக்கு முன்பே கண்டுகொண்ட தீர்ப்பு இது.

எல்லை வைக்காத உலர் நோன்பு எதில் முடியும் என்பதற்குத் தமிழுலகம் நன்கறிந்த சான்று யாழ்ப்பாணத்து நல்லூரில் நடந்தது. 1987 செப்டம்பர் 15இல் விடுதலைப் புலிகளின் திலீபன் நீரையும் மறுத்துத் தொடங்கிய உண்ணாநோன்பு அதே மாதம் 26ஆம் தேதி அவரது மரணத்தோடு முடிந்தது. அது அரசியல் நோன்பு, உடல்நலத்தைக் கருதியதன்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் உடல் அந்த வேறுபாட்டை அறியாது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1990 அக்டோபரில், அதே இயக்கம் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றியது. யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசம்தான் தரப்பட்டது. அவர்களில் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினர். தில்லையடி அவ்வாறு அகதிகள் குடியேறிய ஊர்களுள் ஒன்று. ஊரின் பெயரிலுள்ள தில்லை, உவர்ச் சதுப்பிலும் கழிக்கரையிலும் வளரும் மரம். அகதிகள் தம் வீடுகளை விட்டு வந்தபின் முதல் ரமழான் 1991 மார்ச் நடுப்பகுதியில், வெயில் ஏறும் காலத்தில் பிறந்தது. கிடுகுக் குடிசைகளில் இருந்தோருக்குப் பகலில் தண்ணீர் குடியாதிருப்பது பழகிய கடமை. மாலையில் குடிப்பதற்கு நல்ல தண்ணீர் எங்கே என்பதுதான் புதிய கேள்வி. புத்தளம்-கற்பிட்டிக் கரையின் நிலத்தடி நீரில் பல இடங்களில் உவர்ப்பும் கடினத்தன்மையும் மிகுதி. உலர் நோன்பு பற்றிய விவாதங்கள் இரவுத் தண்ணீரை இருப்பதாகவே எடுத்துக்கொள்கின்றன. அகதிமுகாமில் அது எடுத்துக்கொள்ளக் கூடிய ஒன்றாக இருக்கவில்லை.

இன்றைய மருத்துவ எச்சரிக்கை வேறொரு திசையிலிருந்து வருகிறது. 13 நாடுகளில் 12,243 நீரிழிவு நோயாளிகளிடம் 2001இல் நடத்தப்பட்ட ‘எபிடியர்’ ஆய்வில், ரமழானில் கடும் சர்க்கரைத் தாழ்வு முதல்வகை நோயாளிகளிடம் 4.7 மடங்கும் இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்கும் கூடியது. இரண்டாம் வகையினரில் 79 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாட்கள் நோன்பு பிடித்திருந்தனர். சலுகை ஏட்டில் இருக்க, அதை ஏற்க மனம் கூசுவதே இங்குச் சிக்கல்.

பள்ளிவாசல்களில் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பின் பகிரப்படும் நோன்புக் கஞ்சியை இவ்விவாதத்தில் எவரும் குறிப்பிடுவதில்லை. அரிசி, தேங்காய்ப்பால், பூண்டு, ரம்பை இலை, உப்பு எல்லாம் குழைந்த அப்பானம் நீரையும் உப்பையும் மாவுச்சத்தையும் சேர்த்தே வயிற்றுக்குத் தருகிறது. வயிற்றுப்போக்குக்கு அரிசியைக் கொண்டு உப்புநீர் கரைசல் செய்வதும் இதே விதியில்தான், ஏனெனில் குடலில் மாவுச்சத்திலிருந்து பிரியும் சர்க்கரையே உப்பையும் நீரையும் உள்ளிழுக்கிறது. சவர்த் தண்ணீரில் காய்ச்சும் கஞ்சிக்கோ உப்பின் அளவு, தண்ணீரை முதலில் நாவில் வைத்துப் பார்த்த பிறகே தீர்மானமாகும்.