கண்டியும் கமரா வில்லைகளும்

மலைசூழ் கண்டி மாநகரிலும் அதைச் சுற்றிய தோட்டங்களிலும் நம்மவர் இல்லங்களுட் புகுந்தால், பல வீடுகளின் சுவரில் ஒரு குடும்பப் படத்தைக் காணலாம். தாத்தாவும் பாட்டியும் நடுவே நாற்காலிகளில் வீற்றிருப்பர். மக்களும் மருமக்களும் பின்னே நிற்பர். சிறார் நிலத்தில் அமர்ந்திருப்பர். படம் எந்த ஸ்ரூடியோவில் எடுக்கப்பட்டது என்று நாம் கேட்பதுண்டு. எந்த வில்லை கொண்டு எடுக்கப்பட்டது என்று கேட்பவர் அரியர். ஆயினும் வரிசையின் ஓரத்தில் நிற்கும் சித்தியின் முகம் தெளிவாக விழுந்ததற்கோ மங்கிப்போனதற்கோ பெரும்பாலும் காரணம் அந்த வில்லையே. அத்தகைய வில்லைகளைச் செய்த கம்பனிகளிடையே நிகழ்ந்த போட்டியை இக்கட்டுரையில் நோக்குவோம்.

நிழற்படக் கலை 1839ஆம் ஆண்டில் உலகறிய வெளிவந்தது. மறு ஆண்டிலேயே வியன்னாவில் கணிதப் பேராசிரியராயிருந்த யோசேப் பெட்சுவால் உருவப்படத்திற்கென ஒரு வில்லையைக் கணித்தார். போய்க்ட்லண்டர் கம்பனி அதனைச் செய்தது. அதன் துவார எண் 3.6. இவ்வெண் குறையக் குறைய ஒளி மிகுதியாக உட்புகும். ஆனால் அவ்வில்லையில் நடுப்பகுதியே தெளிவாக விழும், ஓரங்கள் மங்கும். தனியொருவரைப் படம் பிடிக்க அது போதும். கட்டடங்களுக்கும் பெரிய குழுக்களுக்கும் போதாது.

இக்குறையை நீக்க 1866இல் லண்டனில் டால்மேயரும் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே ஒரே வகையான அமைப்பைக் கண்டனர். ஒத்த இரு பாதிகள் துவாரத்தின் இருபுறமும் எதிரெதிரே நிற்பதால், ஒன்றின் கோணலை மற்றொன்று நிமிர்த்திவிடும். தூண் தூணாகவே நிற்கும், சுவர் வளையாது. ஆனால் துவார எண் ஏறத்தாழ 8. பெட்சுவால் வில்லை பெறும் ஒளியில் இது ஐந்திலொரு பங்கையே பெறும். ஒளியா, ஓரத் தெளிவா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

அவ்வழக்கு நடந்த காலத்திலேதான் கண்டியில் நிழற்படத் தொழில் வேரூன்றியது. 1860களின் பிற்பகுதியில் யோசேப் லோட்டன் இங்கு தொழில் நடத்தினார். 1870-71இல் அனுராதபுரம், பொலநறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளைப் படமெடுத்தார். அவருக்குப் பின் சார்ள்ஸ் ஸ்கோவன் கண்டியில் ஸ்ரூடியோ நடத்தி, இயற்கைக் காட்சிகளையும் செடிகொடிகளையும் மக்களையும் படமாக்கினார். 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மறைந்த யூலியா மார்கரெட் கமரன் அம்மையாரோ, இங்கிலாந்திலிருந்தபோதே பெட்சுவால் வகையையும் டால்மேயர் வகையையும் கையாண்டவர். அவர் பொகவந்தலாவையிலே அடக்கம் செய்யப்பட்டார்.

1884இல் ஜேர்மனியின் யேனா நகரில் புதுவகைக் கண்ணாடி வார்க்கும் ஆலை எழுந்தது. அதன் பயனாக 1890இல் சைஸ் கம்பனியின் புரோட்டார், 1892இல் கோர்ஸ் கம்பனியின் டாகோர் ஆகியன வெளிவந்தன. 1893இல் இங்கிலாந்தில் டென்னிஸ் ரெயிலர் மூன்றே கண்ணாடிகளால் குக் வில்லையை அமைத்தார். 1902இல் சைஸ் நான்கு கண்ணாடிகள் கொண்ட டெசாரை விற்பனைக்கு விட்டது. குழுப்படத்தில் ஓரத்தில் நிற்பவருக்கும் நடுவில் இருப்பவருக்கும் ஏறக்குறையச் சமநீதி வழங்கியவை இவையே எனலாம்.

அடுத்த போட்டி சிறிய கமராக்களிடையே மூண்டது. 1925இல் லைட்ஸ் கம்பனி லைக்காவை வெளியிட்டது. 1930இல் வில்லையைக் கழற்றி மாற்றவும் வழி செய்தது. 1932இல் சைஸ் ஐக்கோன் கொன்டாக்சுடன் எதிர்நின்றது. லைக்காவின் எல்மார் வில்லைக்குத் துவார எண் 3.5. கொன்டாக்சின் சொனார் வில்லைக்கோ 1.5; அதாவது ஐந்து மடங்குக்கு மேற்பட்ட ஒளி. அகலக் காட்சிக்கு லைட்ஸ் 35 மில்லிமீற்றரில் 3.5 எண்ணுள்ள எல்மாரைத் தர, சைஸ் 2.8 எண்ணுள்ள பியோகொனைத் தந்தது. பட்டியலை வைத்துப் பார்த்தால் சைஸே முந்தி நின்றது. எசலப் பெரஹராவின் இரவில், கொப்பரைத் தீப்பந்த ஒளியில் யானை அசைந்து வருவதை நினைத்துப் பார்ப்போர்க்கு அந்த ஐந்து மடங்கின் அருமை விளங்கும்.

ஆயினும் பட்டியல் மட்டும் படம் எடுப்பதில்லை. நம் நாட்டின் லயனல் வென்ட் லைக்கா, ரோலிபிளெக்ஸ் போன்ற கமராக்களைக் கொண்டே அழியாப் புகழ் பெற்றார். 1944இல் அவர் மறைந்தார்.

1950இல் லைஃப் சஞ்சிகையின் படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கன் யப்பானிய நிக்கோர் வில்லைகளின் தெளிவைக் கண்டு வியந்து, கொரியப் போரில் அவற்றையே பயன்படுத்தினார். யப்பானின் காலம் பிறந்தது. 1959இல் நிக்கோன் எஃப் கமரா வெளிவந்தது. அதன் வில்லைப் பூட்டை அக்கம்பனி பல தசாப்தங்கள் மாற்றவில்லை. கனோனோ 1987இல் பூட்டையே மாற்றியது. பழைய வில்லைகள் வைத்திருந்தோர் மனம் நொந்தனர். வில்லை வாங்குவது ஒரு பொருளை வாங்குவதன்று, ஒரு குடும்பத்தோடு சம்பந்தம் செய்வது என்பதை அன்று பலர் உணர்ந்தனர். 2018இல் இவ்விரு கம்பனிகளும் மேலும் புதிய பூட்டுகளைக் கொணர்ந்தன. இவற்றில் வில்லைக்கும் படத்தளத்துக்கும் உள்ள தூரம் குறைவாதலால், இணைப்பு வளையமிட்டுப் பழைய சொனாரையும் எல்மாரையும்கூடப் பொருத்தலாம். பகைத்த கம்பனிகளின் வில்லைகள் இன்று ஒரே கமராவில் பூட்டப்படுகின்றன.

விலைப்பட்டியல்கள் பெரிதாய்ப் பேசாத ஒன்றுண்டு. கண்டியின் ஈரக் காற்றில், மூடிய பெட்டியிலிருக்கும் வில்லையில் பூஞ்சணம் படரும். எவ்வளவு விலையுயர்ந்த வில்லையையும் அது விடாது. வெளிச்சமும் உலர்ந்த காற்றும் படும்படி வைத்து, அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவதே காப்பு.

படங்களுக்கும் அத்தகைய காப்பு வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டபோது, அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறு கரையிலுமாய்ப் பிரிந்த குடும்பங்கள் எத்தனை! அவர்கள் மீண்டும் ஒருங்கே நிற்பது சுவரிலுள்ள அந்தப் படத்தில் மட்டுமே. ஓரத்தில் நின்றவர் முகமும் அதில் தெளிவாயிருக்கின்றதெனில், பெயரறியாக் கணிதர்க்கும் கண்ணாடி தேய்த்த தொழிலாளர்க்கும் நாம் கடன்பட்டுள்ளோம்.

இளைஞர்களே, நல்ல வில்லை எதுவென்று விவாதியுங்கள், அதில் இன்பமுண்டு. அதற்கு முன்னர், வீட்டுப் பெரியோர் இருக்கும்போதே அப்படத்தை இறக்கி, அதிலுள்ளோர் பெயரையும் ஆண்டையும் கேட்டுப் பின்புறத்தில் எழுதி வையுங்கள். வில்லை முகத்தைக் காக்கும். பெயரைக் காப்பது நம் கடன்.