வழக்கம் உரைக்கும் வினை

“எங்கள் ஊர் ஏரி அக்காலத்தில் ஆண்டுதோறும் நிரம்பும், மறுகால் பாயும், என் பாட்டனார் விடியுமுன் எழுந்து கரையைச் சுற்றிப் பார்த்து வருவார்.”

முதியவர் ஒருவர் இவ்வாறு கூறக் கேட்டிருப்பீர்கள். அவர் சொல்லும் யாவும் நடந்து முடிந்தவை. ஆயினும் நிரம்பும், பாயும், வருவார் என்பவற்றைப் பள்ளியில் எதிர்கால வினை என்றே பயில்கின்றோம். முடிந்த செயலுக்கு எதிர்கால வினையா? முதியவர் பிழைபடப் பேசினாரா?

இல்லை. அவர் வாயில் பழந்தமிழ் வாழ்கின்றது.

முக்காலத்திற்கும் பொதுவாக நிகழும் பொருள்களைச் ‘செய்யும்’ என்னும் பொதுச்சொல்லால் கூறவேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. மலை நேற்றும் நின்றது, இன்றும் நிற்கின்றது, நாளையும் நிற்கும். ஆதலின், ‘மலை நிற்கும்’ என்கின்றோம். இச்சொல்லை அவர் நிகழ்காலத்தின்பாற் படுத்தினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இன்று நிகழ்காலம் காட்டும் ‘கின்று’ சங்க நூல்களில் மிக அரிது. பத்தி இலக்கியக் காலத்தில் அது பெருகிற்று. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூல், கிறு, கின்று, ஆநின்று என்னும் மூன்றையும் நிகழ்கால இடைநிலைகளாக வகுத்தது. கண்முன் நடக்கும் செயலைக் கின்று ஏற்றுக்கொள்ளவே, செய்யும் என்பதற்கு வருங்காலமும் வழக்கமும் எஞ்சின. நாம் முன்னதை மட்டும் கண்டு ‘எதிர்காலம்’ என்று பெயரிட்டழைக்கின்றோம், பின்னதை மறந்துவிட்டோம்.

தெலுங்கர் மறக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் சின்னய சூரி இயற்றிய பால வியாகரணம், முக்காலத்தோடு வழக்கச் செயலைக் குறிக்கும் வினையைத் ‘தத்தர்மம்’ எனத் தனியே பெயரிட்டு வைத்தது.

மாணவர்களே, இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று. ‘ஊரார் கோயிலுக்கு நெல் அளந்தனர்’ என்பது ஒருமுறை நடந்த செயலாகவும் இருக்கலாம். ‘ஊரார் கோயிலுக்கு நெல் அளப்பர்’ என்பதோ தலைமுறை தலைமுறையாக நின்ற முறைமை. இவ்வேறுபாட்டை அறியாதவன் பழைய ஆவணத்தைப் படித்தால், ஓர் ஊரின் வழக்கத்தை ஒருநாள் நிகழ்ச்சியாக்கிவிடுவான். அல்லது முன்னோர் செய்துவந்ததை இனிச் செய்யவிருந்ததாகக் கொள்வான்.

ஆகவே, ஒரு வினைமுற்றைக் கண்டவுடன் காலம் யாது என்று மட்டும் கேளாதீர்கள். ஒருகால் நிகழ்ந்ததா, பன்முறை நிகழ்ந்ததா என்றும் கேளுங்கள். அரசர் செய்த போரை இறந்தகால வினை சொல்லும். மக்கள் வாழ்ந்த வாழ்வைச் சொல்ல ‘நிரம்பும், பாயும், வருவார்’ என்னும் வினைகளே வேண்டும்.